ஏரியில் ஊறிய நாற்காலி

நாற்காலி எங்கே என்று கம்பெனிக்காரர் உதயகுமார் மூன்றாம் முறை கேட்டபோதும் ஜமுனா ஏரியைத்தான் கைகாட்டினாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அது லேசுப்பட்ட நாற்காலி இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒருவர் வரைந்த வடிவம். பூவேலை, கடைசல் எதுவும் கிடையாது. இரண்டு கை, ஒரு சாய்வு, அவ்வளவுதான்; அந்த அழகுக்கே பேர்போனது. இப்போது கம்பெனி அதை மறுபடி கொண்டுவருகிறது, கைகளிலும் முதுகிலும் வலைநூல் பின்னலோடு. கடலோர பங்களாக்களுக்குப் போகுமாம். பின்னல் வேலை கோட்டைக்குப்பத்து ஜமுனாவுக்கும் அவளோடு வலை பின்னும் ஒன்பது பெண்களுக்கும்.

கிடைத்தால்தான். அந்த நாற்காலிக்கு எதற்கு இந்த ஜிகினா என்று ஆபீசில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்களாம். மாதிரிக்கென்று கொடுத்த இந்த ஒரு நாற்காலியில் ஒரு முடிச்சு தளர்ந்தாலும் பின்னலே வேண்டாம் என்றுவிடுவார்களாம். போனமுறை வந்தபோது உதயகுமாரே சொன்னார்.

கிடைத்துவிட்டால், மீஞ்சூரில் கூலி வேலைக்குப் போக விடியுமுன் வேனுக்கு ஓட வேண்டியதில்லை. பெற்ற பிள்ளைகளின் முகத்தைப் பகலில் பார்க்கலாம். ஜமுனா விடுவாளா? நாலு நாள் உட்கார்ந்து நீலமும் ஆரஞ்சுமாகப் பின்னினாள். பிறகு, புது வலைக்கு எப்போதும் செய்வதைச் செய்தாள். உப்புத்தண்ணீரில் இரண்டு நாள் ஊறினால்தான் முடிச்சு இறுகும். பின்னலை மட்டும் தனியே கழற்ற முடியாதே. முந்தாநாள் நாற்காலியோடு இந்த உப்பேரியில் இறக்கி, ஒரு கழியில் கட்டிவிட்டாள்.

"நீங்கதான சார் முழுத் தேக்குன்னு சொன்னீங்க. தேக்கு தண்ணிக்குப் பயப்படுமா இன்னா?"

உதயகுமார் தண்ணீரோரம் வரை ஓடினார்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். மற்ற ஒன்பது பெண்களும் கரையில் நெருங்கி வந்து நின்றார்கள். கயிற்றை அவிழ்த்து நாற்காலியைத் தூக்கினாள். அதன் ஒரு கால் சேற்றிலேயே நின்றுவிட்டது.

போச்சு, எல்லாம் போச்சு. ஆனாலும் பாதியில் போட்டுவிட்டு வருகிறவளா அவள்? சேற்றைத் துழாவி அந்தக் காலையும் பிடுங்கிக்கொண்டு கரையேறினாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் எதிரிலேயே வைத்தாள்.

முதுகுப் பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. கைகள் இரண்டும் பசை விட்டுப்போய், வெறும் பின்னலின் பிடியில் நின்றன.

"முடிச்ச இழுத்துப் பாருங்க சார்," என்றாள். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இழுத்தார். மண்டியிட்டு, இரண்டு கையாலும் இழுத்தார். ஒரு முடிச்சுகூட நகரவில்லை. பிறகு, மேலே உரிந்து நின்ற தேக்குத் தோலை விலக்கி, உள்ளே வெளுத்துக் கிடந்ததை நகத்தால் கீறினார். ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. மேலே ஒட்டிய தோல் மட்டும்தான் தேக்கு; உள்ளே வெறும் ஒட்டுப்பலகை.

எழுந்து, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"பின்னல் அப்படியே இருக்கட்டும் சார். நாற்காலிய யாரு செஞ்சாங்கன்னு மட்டும் விசாரிங்க."