முதலில் எழுந்தவள்

கதவைத் திறந்த யூர்கா, அக்காவைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லாமக் கொள்ளாம இப்படி வந்து நிக்கிறியே அக்கா" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ரமூனேயின் கோட்டிலும் தொப்பியிலும் பனி ஒட்டியிருந்தது. கையில், சந்தையில் வாங்கிய குட்டி ரொட்டிப் பொட்டலம். கசகசாப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவதற்கு.

பிறந்து வளர்ந்த வில்னியஸில் அவள் ஓட்டலில் அறை எடுத்திருந்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது. வரவேற்பில் இருந்த பெண் ஊர் வரைபடத்தை விரித்து, பெரிய கிறிஸ்துமஸ் மரம் நிற்கும் தேவாலயச் சதுக்கத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினாள். நான் இந்த ஊர்க்காரிதான் என்று சொல்ல ரமூனேக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். போய் அந்த மரத்தடியில் வெளியூர்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று படமும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் துணிச்சல் இருட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

கூச்சோஸ் சாயங்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த ஒரு பொழுதில், வாசலுக்கு வந்த ஆளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஜென்ம விரோதியாக இருந்தாலும் சரி. அப்பாவும் அனுப்பமாட்டார். அதை நம்பித்தான் டப்ளினில் விமானம் ஏறினாள். ஒரு கரண்டி பீட்ரூட் சூப், அப்பா கையால் பிட்டுத் தரும் அப்பத்தில் ஒரு துண்டு. அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே விருந்தின் நடுவில்தான் சண்டை வந்தது. அந்த அயர்லாந்துக்காரனோடு போனால் இந்தப் படி ஏறாதே என்றார் அப்பா. ஏறவில்லை போங்கள் என்று அவள் விருட்டென்று எழுந்துவிட்டாள்.

அந்த மேசையில் அப்படி எழக்கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஒன்றாகத்தான் எழவேண்டும். முதலில் எழுந்தவர் அடுத்த கூச்சோஸைப் பார்க்கமாட்டார் என்பார்கள்.

கோபத்தில் சிவந்திருந்த அப்பாவின் முகம் அந்தக் கணத்தில் வெளுத்தது. "உட்காரு" என்றார். ஒரே ஒரு தடவை. அவள் உட்காரவில்லை.

அதோடு அவளைத் தலைமுழுகிவிட்டார். அவள் பெயரை எடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம். யூர்கா வேலை செய்யும் இடத்திலிருந்து, ஒளிந்து ஒளிந்து போன் பண்ணித்தான் நாலு வார்த்தை பேசுவாள். அந்த அயர்லாந்துக்காரன் இரண்டாம் வருஷமே அவளை விட்டுவிட்டுப் போன இடம் தெரியாமல் போய்விட்டான். அதை ரமூனே தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. வீராப்பு, வேறென்ன.

"ஒரு நிமிஷம் இங்கயே நில்லுக்கா. நான் போய் மேசையை மட்டும்..." என்று யூர்கா இழுத்தாள்.

"நான் என்ன விருந்தாளியாடி?" என்று தங்கையை ஒதுக்கிவிட்டு ரமூனே உள்ளே நுழைந்தாள்.

எல்லாம் அப்படியே இருந்தது. வெள்ளை விரிப்பு, அதன் அடியில் சம்பிரதாயத்துக்குப் பரப்பி ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வைக்கோல், வெங்காயம் தூவிய உப்பு மீன், காளான். அம்மா இருந்த காலத்தில் வைத்த அதே ஒழுங்கு.

ஐந்தாவதாக ஒரு தட்டு இருந்தது. கரண்டி இல்லை. தட்டின் நடுவில் ஒரு சின்ன மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் வீட்டில் யாராவது இறந்திருந்தால், அவர்களுக்கு வைக்கும் தட்டு அது.

அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

ரமூனே சுவரைப் பிடித்துக்கொண்டாள். பாவி யூர்கா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பால்கனிக் கதவு திறந்தது.

"நட்சத்திரம் வந்துருச்சு, இனிச் சாப்பிட உட்காரலாம், நான்தான் முதல்ல பார்த்தேன்" என்று கத்திக்கொண்டு யூர்காவின் மகள் உக்னே ஓடிவந்தாள். அவள் பின்னால், குளிரில் மூக்கு சிவந்து, கம்பளித் தொப்பியோடு அப்பா.

இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். அடுக்களையில் யூர்காவின் கணவன் ரொட்டி அறுக்கும் சத்தமும் கேட்டது. எல்லோரும்தான் இருக்கிறார்களே. பிறகு அந்தத் தட்டு யாருக்கு?

வந்திருப்பவள் தட்டையே பார்ப்பதை உக்னே கவனித்தாள். நல்ல பிள்ளையாக, தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்க அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களுக்கு. வருஷா வருஷம் தாத்தாதான் ஏத்துவாரு."

யூர்கா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். ரமூனேயின் காலிலிருந்து தலைவரை பார்த்தார். பனி உருகி அவள் கோட்டிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தையும் பார்த்தார்.

பிறகு மேசைக்கு வந்து, எரிந்த திரியை விரலாலேயே நசுக்கி அணைத்தார். மெழுகுவர்த்தியை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தார். தட்டைச் சட்டைக் கையால் துடைத்து, தன் கரண்டியை எடுத்து அதில் வைத்தார்.

"உட்காரு" என்றார்.

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஒன்றாக எழும்வரை, மேசைக்கு அடியில் அப்பா அவளுடைய கோட்டு நுனியைப் பிடித்த பிடியை விடவில்லை.