மிதவைக்காரர் வீட்டுப் பானை

வாயில் வைத்த தண்ணீரை, சோதனைக்கு வந்த அதிகாரியம்மா வாசலில் துப்பினார்.

"உப்புக் கரிக்குதுங்க."

மனைவி பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்ததால் மிதவைக்காரரேதான் பானையில் மொண்டு கொடுத்திருந்தார். டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தார். கரிக்கத்தான் செய்தது.

கடலில் கிடக்கும் அந்த இரும்பு மிதவையோடு மூன்று வருஷமாக மாரடிக்கிறார் மனுஷன். அலை அதைத் தூக்கிப் போடும் வேகத்திலேயே பம்பு ஓடும். கடல்நீர் வடிகட்டிக்குள் நுழைந்து நல்ல தண்ணீராக வெளியே வரும். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தெருக்குழாயில் விடுவார்.

யாருக்குத் திருப்தி? அலை ஓய்ந்த நாளில் தெருவே அவரைத் திட்டும். வீட்டுக்கு வந்தால் மனைவி, "என்ன தண்ணியோ போங்க, நாக்குல ஒட்டவே மாட்டேங்குது" என்பாள்.

"மேடம், மிதவைக்கிட்ட நீங்களே குடிச்சீங்களே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"நாங்க வர்ற அன்னிக்கு அங்க நல்லாத்தான் வரும். வீட்டுப் பானையில இருக்கறதுதான் எங்களுக்குக் கணக்கு. எங்க வீட்லயே வந்து பாருங்கன்னு நேத்து போன்ல சொன்னது யாரு? நீங்கதானே?"

குழாயைத் திறந்து காட்டலாமென்றால் அது காலையிலேயே நின்றுவிட்டது. அதிகாரியம்மா பானைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடினார். தாளில் கையெழுத்துப் போட்டார்.

"வடிகட்டி கிழிஞ்சிருக்கு. நாளைக்கே மிதவையைக் கழட்டிடுங்க. இதுக்கு மேல இதை நம்பி யாரும் செலவு பண்ண மாட்டாங்க."

"அப்ப தெரு ஜனம் எதைக் குடிக்கும், மேடம்?"

"இத்தனை வருஷம் குடிச்ச கிணறு இருக்குல்ல?"

அந்தக் கிணற்று உப்பில் சோப்புகூட நுரைக்காது. ஜீப் கிளம்பியதும் அவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷ அலுப்பும் மொத்தமாக வந்து உடம்பை அழுத்தியது.

பிஸ்கட் பாக்கெட்டும் கையுமாக மனைவி மூச்சிரைக்க வந்தாள்.

"அடடா, அதுக்குள்ள போயிட்டாங்களா? தண்ணியாவது குடிச்சாங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்பாடா! உங்க தண்ணி சப்புன்னு இருக்குன்னு அவங்க சொல்லிடக் கூடாதேன்னு, நான்தான் பானையில ஒரு கை உப்பு அள்ளிப் போட்டு வச்சேன்!"