நாலாவது மூலை

பூனை தயாராக இருந்தது. ஆள்தான் ஒன்று குறைந்தது.

கிறிஸ்மஸ் மதிய விருந்து முடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கென்டக்கி மலைச்சரிவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வெர்லா இந்த வருஷம் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்து முடித்த ஒட்டுப்போர்வையைக் கூடத்தின் நடுவில் விரித்திருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் அது வழக்கம். புதுப்போர்வையின் நாலு மூலையையும் ஜோடி இல்லாதவர்கள் பிடிக்க வேண்டும். நடுவில் பூனையை விட்டு உலுக்க வேண்டும். மிரண்டு அது யார் பக்கம் குதிக்கிறதோ, அவருக்கு அடுத்த கிறிஸ்மஸுக்குள் கல்யாணம்.

போன வருஷம் வெர்லாவின் அண்ணன் மகன் டென்னி பக்கம் குதித்தது. ஜூன் மாதமே டென்னி மாப்பிள்ளையாகிவிட்டான். அதனால்தான் இப்போது ஒரு மூலை காலி.

டென்னியின் அண்ணன்கள் கிளின்ட்டும் கர்ட்டிஸும் ஆளுக்கொரு மூலை. வெர்லாவின் விவாகரத்தான மகள் ராக்ஸி மூன்றாவது மூலை.

"நான் பிடிக்கிறேன்" என்று மூத்த மகன் கெய்லன் எழுந்தான்.

"நீ பிடிச்சா என்னை என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள் அவன் மனைவி நோரீன். வீடே சிரித்தது.

வெர்லா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாலாவது மூலையைப் பிடித்தாள்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஆள் இல்லையேன்னுதான்..." என்றாள். அறுபத்திரண்டு வயதில் சாக்குச் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஹோபர்ட், தேவாலயப் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்வரிசை. மனைவியை இழந்தவர். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், பாட்டுப் பயிற்சி முடிந்து கார் கதவைத் திறந்துவிட்டபடியே, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். "கிறிஸ்மஸுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒண்ணா வருவாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டாள்.

ராக்ஸியைப் பற்றிப் பயமில்லை. கெய்லன்தான்.

அப்பா இறந்து நாலு வருஷமாகியும் அவருடைய லாரியை அவன் விற்க விடவில்லை. ஞாயிறுதோறும் வந்து ஸ்டார்ட் செய்வான். கால் மணி நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் போவான். அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அதனால் பூனையின் பொறுப்பில் விட்டிருந்தாள். பிஸ்கட் என்ற அந்தப் பூனை அவள் மடியில் வளர்ந்தது. பயந்தால் அவளிடம்தான் ஓடி வரும். வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "பூனைக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று ஆரம்பித்துவிடலாம்.

"அத்தை, பூனைக்கு லஞ்சம் ஏதாவது கொடுத்துட்டீங்களா?" என்றான் கர்ட்டிஸ்.

"உன் கல்யாணத்துக்குப் பூனை போதாதுடா. புலியே வரணும்."

உலுக்கினார்கள்.

பிஸ்கட் தடுமாறியது. துணியில் நகத்தைப் பதித்துக்கொண்டு, வெர்லாவை நேராகப் பார்த்தது.

பிறகு திரும்பி, கிளின்ட்டின் தோளில் ஏறிக் குதித்து, அடுப்படிக்குள் ஓடிப்போயிற்று.

ஒரே கூச்சல். கிளின்ட்டின் காதுமடல் சிவந்துவிட்டது. வெர்லாவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். நாலு தட்டுக்கு மேல் முடியவில்லை.

இனி அடுத்த கிறிஸ்மஸ்தான். அதுவரை ஹோபர்ட் காத்திருப்பாரா? எழுபதை எட்டும் மனிதரிடம் இன்னும் ஒரு வருஷம் என்று சொல்வது நியாயமா?

கிளின்ட்டைக் கிண்டலடித்துக்கொண்டே மற்றவர்கள் கேக் வெட்டப் போனார்கள். அவ்வளவு பெரிய போர்வையை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. எதிர்முனையைக் கெய்லன் எடுத்தான்.

மடிப்புக்கு மடிப்பு அம்மாவும் பிள்ளையும் நெருங்கி வந்தார்கள். மூன்றாவது மடிப்பில் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஹோபர்ட்டை ஏன்ம்மா சாப்பிடக் கூப்பிடல?"

அவள் கை அப்படியே நின்றது. "யாரு... யாரு சொன்னா உனக்கு?"

"நீதான்."

மடித்ததில் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினான்.

"இந்த டிசைனை நம்ம வீட்ல எதுக்குப் போடுவ? என் கல்யாணத்துக்கு ஒண்ணு தைச்ச. ராக்ஸிக்கு ஒண்ணு. புருஷன் போயிட்டான், போர்வை இருக்கு. இது யாருக்கு? நவம்பர்ல வான்கோழி விருந்துக்கு வந்தப்போ பாதி தைச்சு வெச்சிருந்த. அப்பவே பார்த்துட்டேன். உன்னை கார்ல கொண்டுவந்து விடறது யாருன்னு ஊருக்கே தெரியும்."

வெர்லா குனிந்து, வேறு யாரோ தைத்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஒன்றுக்குள் ஒன்று கோத்த மோதிரங்கள். வரிசைக்கு ஏழு வீதம் எட்டு வரிசை. அவள் ஊரில் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும், அது கல்யாணப் போர்வை. பெட்டியில் கிடக்கும் துண்டுத்துணியெல்லாம் தீரட்டும் என்றுதான் அந்த டிசைனை எடுத்ததாக இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாயைப் பூட்டியிருந்தாள். கையைப் பூட்ட மறந்துவிட்டாள்.

"நவம்பர்லயே தெரியும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா, கிராதகா?"

கெய்லன் கடைசி மடிப்பை மடித்துப் போர்வையை அவள் கையில் வைத்தான். ஆனால் தன் கையை உடனே எடுத்துவிடவில்லை.

"நீ தைச்சு முடிக்கட்டும்னு இருந்தேன்ம்மா" என்றான். "எனக்கும் அவ்வளவு நாள் தேவைப்பட்டுச்சு."