சூட்டுத் தழும்பு

நிவேதாவைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சாராள் அவள் அக்குளில் ஒரு புண்ணைக் கண்டாள். சிகரெட்டால் சுட்டதுபோல வட்டமாக, நடுவில் கறுத்துப்போயிருந்தது.

எட்டு வயதுக் குழந்தை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில்கூடச் சிவப்புப் புள்ளிகள். அம்மை போட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள் சித்தி குணசுந்தரி. கட்டிலடியில் நிவேதாவின் நாய்க்குட்டி காதைச் சொறிந்துகொண்டு கிடந்தது.

புண் எப்படி வந்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள் குணசுந்தரி. சாராள் நம்பவில்லை. போன வாரம்தான் இந்த வீட்டிலிருந்து குழந்தையின் அழுகையும் இவள் அதட்டலும் கேட்டன. எழுந்து போகாமல் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தவள் சாராள். அந்த உறுத்தல் தாங்காமல், பெயர் சொல்லாமல் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் புதுவாயல் தெருவுக்குள் ஜீப் வந்தது. சிப்காட்டில் ஷிஃப்டிலிருந்த அப்பா அன்புசெல்வன் ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தான். குணசுந்தரியை ஸ்டேஷனுக்கும் குழந்தையை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். மனசு கேட்காமல் சாராளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் புண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார்.

"இது சூடு இல்ல. உண்ணி கடிச்ச எடம். அம்மையும் இல்ல, உண்ணிக் காய்ச்சல்" என்றார்.

மாத்திரை கொடுக்கத் தொடங்கியதும் காய்ச்சல் இறங்கியது. போன வார அழுகைகூட, நாயைக் கட்டிலில் ஏற்றாதே என்று சித்தி அதட்டியதற்காம். நிவேதாவே சொன்னாள். சாராளுக்குத் தலை நிமிரவில்லை.

போலீஸ் விட்டதும் குணசுந்தரி நேராக வார்டுக்கு வந்தாள். கன்னத்தில் வீக்கம் வடியவில்லை. நிவேதா "அம்மா" என்று அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சாராள் வாயெடுத்தாள்.

அதற்குள் குணசுந்தரி அவள் பக்கம் திரும்பினாள்.

"வேப்பிலைய சொருவிகினு ஊட்டுலயே வெச்சிருந்தா புள்ள போயிருக்கும்க்கா. போன் போட்டது யாருன்னு தெரில. அவங்க நல்லா இருக்கணும்."