நாற்பது கிலோமீற்றர்

பழைய ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி இனித் தாங்காது, புதிது போட ஆறு லட்சம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னதும் அருளானந்தம் கராஜ் வாசலிலேயே குந்திவிட்டார். அந்தக் காரில் வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. மெக்கானிக்குக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அண்ணை, எச்சரிக்கை லைட்டை இப்போதைக்கு அணைச்சு விடுறன். நாப்பது கிலோமீற்றர் ஓட திரும்ப எரியும். அதுக்குள்ள வித்துப்போடுங்கோ.”

மறுநாள் காலை நிறோஜனும் மனைவி சுகந்தினியும் காரை வாங்கப் பார்க்க வவுனியாவுக்கு வந்தார்கள். நிறோஜன் ஓட்ட, அருளானந்தம் பக்கத்தில் இருந்தார். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஓமந்தை கழிந்தது. பதினெட்டுக் கிலோமீற்றர்.

“திருப்புவம் தம்பி.”

“முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டுத் திரும்புவம் அண்ணை. எனக்குப் பிடிச்சிட்டுது.”

பின்சீற்றிலிருந்து சுகந்தினி சொன்னாள்: “இவர் வெளிநாடு போகவெண்டு சேர்த்த காசண்ணை. நான்தான் அழுது மறிச்சனான். இனி இங்கையே ஹயர் ஓடிப் பிழைப்பம்.”

புளியங்குளமும் கழிந்தது. முப்பத்தேழு. அருளானந்தம் மீற்றரிலிருந்து கண்ணை எடுத்தார்.

“நிப்பாட்டும் தம்பி. இதின்ர பற்றரி முடிஞ்சுது. புதுசு ஆறு லட்சம். என்னட்டை இல்லை, அதுதான்…”

நிறோஜன் காரை ஓரங்கட்டினான். எஞ்சினை நிப்பாட்டினான். பிறகு அவன் சாவியை நீட்டினான். அதை வாங்க அருளானந்தத்தின் கை எழவில்லை.