நடுவில் ஏழு வருஷம்

"பயோடேட்டாவை வருஷவாரியா அடிச்சா மாட்டிக்குவே சிட்டிபாபு. நடுவுல ஏழு வருஷம் காலியா நிக்குது," என்றார் சித்தூரில் டைப்பிங் கடை வைத்திருந்த அசரியா.

"அப்ப எப்பிடிண்ணா?"

"வருஷமே வாணாம். தெரிஞ்ச வேலையை மேல போடுவோம். தெனம் முந்நூறு பேருக்குச் சாம்பார் வெச்சவன்னு."

அந்த பயோடேட்டாவோடு சமையல் மாஸ்டர் வேலை கேட்டுத் திருப்பதியில் ஒரு ஓட்டலுக்குப் போனான் சிட்டிபாபு. முதலாளி திருவேங்கடம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முந்நூறு பேருக்கா! எந்த ஓட்டல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஓட்டல் இல்லீங்க. ராஜமந்திரி ஜெயிலு. அடிதடி கேசுல ஏழு வருஷம் உள்ள இருந்தேன்."

தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். முதலாளி கொடுக்கவில்லை.

"எமர்ஜென்சி அப்போ அங்க இருந்தியா?"

"இருந்தேங்க. சமையல்கட்டுல."

"என்னையும் அப்ப அங்கதான் போட்டிருந்தாங்க. நான் துன்னுக்கினு இருந்தது உன் சாம்பாரா!"

முதலாளி எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வெளிய வந்தும் அந்த ருசியைத் தேடிக்கினு இருக்கறேன்! ஜெயில்ல சமைச்சேன்னு மொத வரியிலேயே போட்டிருக்கக் கூடாதாடா?"