தள்ளிக்கொண்டு போன கார்

“இன்ஜினைப் போட மாட்டேன். தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.”

கோயில் வாசலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அய்யாத்துரை சொன்னார். மாலையும் கழுத்துமாகப் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஜெயவேல் விழித்தான். நாதஸ்வரக்காரர் வாயில் வைத்த சீவாளியை எடுத்துவிட்டார்.

தங்கபுஷ்பத்துக்குத் தன் புருஷன் அய்யாத்துரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருக்கிற மனுஷன். அந்த மண்டியில் காம்பு கிள்ளுகிற தாயம்மாவின் மகள் அம்முவுக்குத்தான் கல்யாணம். கார் ஊர்வலம் இல்லாவிட்டால் மாப்பிள்ளை கோயிலை விட்டு நகர மாட்டான் என்று பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். தாயம்மா வந்து அழுதபோது, “எங்க வண்டி எதுக்கு இருக்கு?” என்று வாக்குக் கொடுத்தவள் தங்கபுஷ்பம்.

வண்டி என்னவோ பார்க்க அழகுதான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, நீளமான மூக்கு. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். சுதந்திரம் வந்த வருஷம், துறைமுகத்துத் துரை ஒருவன் கப்பலேறுகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போனது. சீமையில் பந்தயம் ஓடின வண்டி என்று சொன்னானாம்.

இங்கே அது ஓடியதைவிடப் பட்டறையில் நின்றதுதான் அதிகம். முதலில் டைனமோ போயிற்று. பிறகு கிளச். அது வந்து சேர்வதற்குள் பெட்ரோல் பம்பு. எது உடைந்தாலும் சாமான் சீமையிலிருந்து வர வேண்டும்; அதுவரை மெக்கானிக் பஷீர் பழைய லாரிச் சாமானை அரத்தால் ராவிப் பொருத்துவார். ரிப்பேர் செலவு வாங்கின விலையை எப்போதோ தாண்டிவிட்டது.

ஆனால் நேற்று பஷீர் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, “இனிமே பேஜாரே இல்ல மொதலாளி. மவுண்ட் ரோடு வரைக்கும் பறந்துட்டு இப்பத்தான் வர்றேன்” என்றார். காலையில் அய்யாத்துரை மண்டிக்குப் போனதும் அதில்தான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலப்பன் காருக்கு முன்னால் வந்து நின்றான்.

“இன்னா மொதலாளி, காரு கெட்டுப்பூட்ச்சா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்பால இன்னாத்துக்குத் தள்றது?”

“பெட்ரோலு சர்க்காரு கூப்பனுக்குத்தான் அளவாக் கெடைக்குது வே. நடக்கற வேகத்துல போறதுக்கு அதை எதுக்கு எரிக்கணும்? அந்தா, ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்லா.”

மண்டியில் மூட்டை தூக்குகிற நாலு பேர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் நின்றார்கள்.

“கூலி குடுத்து ஆள் வெச்சிகீறாரே, அந்தத் துட்டுக்குப் பெட்ரோலே ஊத்திக்கலாமே” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“கூலியா? உதிர்ந்த மொளவா வெதையக்கூட வித்துத் துட்டாக்குறவர்பா அவுரு” என்றான் இன்னொருவன்.

கூட்டம் சிரித்தது. வேலப்பன் சிரிக்கவில்லை.

“இன்னா தாயம்மா, எங்கள வரவெச்சு மானத்த வாங்குறியா? டேய் ஜெயவேலு, எறங்குடா. வூட்டுக்குப் போலாம்.”

தாயம்மா தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் கதவருகே போய்க் குனிந்தாள்.

“கூப்பன்தானே? எங்க அண்ணன்கிட்ட நான் வாங்கித் தாரேன். ஸ்டார்ட் பண்ணுங்க.”

“நீ போய்ப் பொம்பளையளோட நில்லு.”

“நாலு பேரு சிரிக்காங்க.”

“சிரிக்கட்டும்.” சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் வழி சொன்னான். “வுடு மாமா. திருவொத்தியூர் தேரு இன்னா பெட்ரோல்லயா ஓடுது? தள்னா தள்ளட்டும்.”

வேலப்பன் முணுமுணுத்துக்கொண்டே விலகினான். நாதஸ்வரம் தொடங்கியது. நாலு பேர் முதுகு வளைத்துத் தள்ள, சிவப்புக் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. தெருவில் நின்றவர்களெல்லாம் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தள்ளுகிறவர்களைத்தான் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் தலைகுனிந்தபடியே நடந்தாள்.

கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். கூட்டமும் உள்ளே போயிற்று.

அய்யாத்துரை ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

“ஏறு. வண்டிய மண்டியில விட்டுட்டு வருவோம்.”

பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் உறுமியது. தங்கபுஷ்பத்துக்கு ஆத்திரம் பொங்கியது. இதை அப்போதே செய்திருந்தால் என்ன?

தெரு நெரிசலாக இருந்தது. மீன்கூடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் கார் ஊர்ந்தது. முனை திரும்புவதற்குள் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அய்யாத்துரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். “காலையில மண்டித் தெருவுலயும் இப்படித்தான் நின்னுச்சு. வேகமாப் போனா ஒண்ணும் செய்யாது. ஊர்ந்து போனா இன்ஜின் தண்ணி கொதிச்சிரும். முனை வரைக்குந்தானே, தாங்கும்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சேதான் தள்ளச் சொன்னியளா?”

“ஆமா.”

“அதை அங்கேயே சொல்லப்படாதா? கஞ்சப்பயன்னு ஏன் பேச்சு வாங்கணும்?”

“கெட்டுப்போன வண்டின்னு தெரிஞ்சா வேலப்பன் மாப்பிள்ளைய எறக்கிக் கூட்டிட்டே போயிருப்பான். சொல்லாம ஓட்டிட்டு வந்து, மேளதாளத்தோட நடுத்தெருவுல நின்னு போச்சுன்னு வையி. வண்டியவா சொல்லுவாங்க? அந்தப் புள்ள அம்மு ராசிதான் சரியில்லைம்பாங்க. சாகுற வரைக்கும் சொல்லுவாங்க.”

கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“என்னைக் கஞ்சன்னு சொல்லுதது புதுசா என்ன? நீ இந்தப் பக்கம் வந்து ஸ்டியரிங்கப் பிடி. நான் தள்ளுதேன்.”